முதலில் யாருக்குச் சொன்னாள்

என் மகள் கலந்துகொண்ட முதல் பாய்மரப் படகுப் பந்தயத்தின் முடிவு எனக்கு இரண்டு பேரைத் தாண்டி வந்து சேர்ந்தது. சென்னையில் பிற்பகல் மூன்று மணிக்குக் கரையேறியவள், ஈர உடையோடே தன் தாய்மாமனுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, போன் செய்திருக்கிறாள். அவன் பென்னாகரத்திலிருந்து தன் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறான். என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். வேலை முடிந்து நல்லம்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னிடம் சொன்னாள்.

"பாப்பா பதினொண்ணாவதா வந்துருக்காளாம். உங்களுக்குச் சொல்லலியா?"

அப்போது மணி ஐந்து ஐம்பது.

இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் செய்தி திருத்தியவன் நான். போட்டிப் பத்திரிகையில் வந்து நம் பத்திரிகையில் வராமல் போன செய்திக்கு எங்கள் அலுவலகத்தில் 'மிஸ்ஸிங்' என்று பெயர். காலை பதினொரு மணிக் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள். யாருடைய மிஸ்ஸிங்கோ அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்று என் வீட்டில், என் மகளைப் பற்றிய செய்தி எனக்கு மிஸ்ஸிங்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது. படகு என்று நான் என் வேலையில் தொட்டதெல்லாம் ஒரே செய்திதான்: ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை. அது வடிந்த பிறகு, தடை நீக்கம், சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி. நீர்வரத்து எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவோம். அந்தத் தடையால் வேலையிழக்கும் பரிசல் ஓட்டிகளில் ஒருவன் என் மைத்துனன்.

மகள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தாள். என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவில் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடை நன்றாக இருந்ததால் சேர்ந்ததாக என்னிடம் சொன்னாள். அங்கே பாய்மரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஒருவர் மட்டும் ஓட்டும் சிறிய படகுக்கு மாறி, ஒரு படகுக் கழகத்தில் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தாள். இதற்கு என் மைத்துனன் சொல்லும் காரணம் வேறு.

"ஆறு வயசுல எம் பரிசல்ல உக்காந்து துடுப்பு புடிச்சது மாமா. அன்னிக்கே தண்ணி அத இழுத்துக்கிச்சு."

என்னை அவன் மாமா என்பான். என் மகள் அவனை மாமா என்பாள். அவள் அதைச் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு வேகம் இருக்கும். 'அப்பா' என்பதில் அது கிடையாது. அதில் ஒரு எச்சரிக்கைதான் இருக்கும்.

அவளுக்குக் காது குத்தும்போது அவள் உட்கார்ந்தது அவன் மடியில். முறை அதுதான், தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவன் நடுவில், அழும் குழந்தையோடு. நான் ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறேன். படம் வெட்டுவதும் என் வேலையாக இருந்ததால் எனக்குத் தெரியும், நானே வெட்டியிருந்தாலும் அப்படித்தான் வெட்டியிருப்பேன். செய்தி அந்த மடியில் இருந்தது.

இரண்டாவது பந்தயத்துக்கும் அவள் அவனைத்தான் முதலில் அழைத்தாள். மூன்றாவதற்கும். என்னிடம் பேசும்போது, "நல்லா போச்சுப்பா" என்பாள். "காத்து எப்படி?" என்று கேட்டால், "இருந்துச்சுப்பா" என்பாள். ஒரு நிமிடம் நாற்பது நொடி. பிறகு, "அம்மா இருக்காங்களா?"

கடலைப் பற்றிக் கேட்க எனக்கு எதுவும் தெரியாததால்தான் பேச்சு அங்கே நின்றுபோகிறது என்று முடிவு செய்தேன். டெஸ்க்கில் இருந்தவனுக்கு இதற்கு ஒரே வழிதான் தெரியும், செய்தி வரும் வழிகளை அதிகப்படுத்துவது.

சில இணையதளங்களில் ஒரு வசதி உண்டு. புதிதாக ஏதாவது ஏற்றப்பட்டால் அதன் தலைப்பு, இரண்டு வரி, நேரம் ஆகியவற்றை மட்டும் தானாக வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஃபீட் என்பார்கள். அவற்றை வாங்கித் தொகுத்துக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டால் போதும். நாம் ஒவ்வொரு தளமாகப் போய்த் தேட வேண்டாம், செய்தி நம்மைத் தேடி வரும். ஏஜென்சி செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் திரையை இருபத்திரண்டு வருடம் பார்த்தவனுக்கு அது பழகிய வீடு போல இருந்தது.

சென்னைக் கடற்பகுதிக்கான காற்று முன்னறிவிப்பு ஒரு ஃபீட். படகுக் கழகத்தின் அறிவிப்புப் பக்கம் இரண்டாவது. பந்தய முடிவுகள் ஏறும் பக்கம் மூன்றாவது. முடிவுப் பட்டியலில் பெயரைவிடப் பாயில் ஒட்டியிருக்கும் எண்தான் முக்கியம் என்பதைக் கண்டுபிடித்து, என் மகளின் பாய் எண் எங்கே வந்தாலும் போனில் மணி அடிக்கும்படி வைத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டால் என் மனைவி அடுப்படியிலிருந்து சொல்வாள்: "உங்க கடலு கூப்புடுதுங்க."

நான்காவதாக ஒன்றும் சேர்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. ஒகேனக்கல் நீர்வரத்து. பரிசல் தடை இருக்கும் நாட்களில் என் மைத்துனன் வேலையில்லாமல் வீட்டில் இருப்பான், போன் கையிலேயே இருக்கும், என் மகள் அனுப்பும் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்பான். தடை இல்லாத நாட்களில் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி மீன் வறுக்கும் கடையில் கொடுத்துவிட்டு ஆற்றில் இருப்பான். பந்தய நாட்களில் தண்ணீர் வடிய வேண்டும் என்று நான் விரும்பினேன். பரிசல் ஓட்டிகளின் பிழைப்புக்காக விரும்பியதாக வெளியே சொல்லிக்கொள்ளலாம். அதற்காக இல்லை.

காலை ஆறரைக்கு மகளுக்குக் காற்றுச் செய்தி அனுப்ப ஆரம்பித்தேன். சுருக்கமாக, தலைப்பு எழுதுவது போல. 'ஆறு மணிக்கு மேற்கிலிருந்து ஐந்து நாட். ஒன்பது மணிக்குத் தென்கிழக்குக் கடல்காற்று, பதினான்கு நாட். பிற்பகல் மூன்றுக்கு அடங்கும்.' நாட் என்பது காற்றின் வேகத்துக்குக் கடற்காரர்கள் வைத்திருக்கும் அளவு. அதையும் படித்துக்கொண்டேன். அவள் ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். நான்கு மாதம் தினமும் ஒரு கட்டைவிரல் வந்தது. அதை நான் உரையாடல் என்று கணக்கில் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் ஆற்று மீனோடு வந்தான். மனைவி மீன் கழுவப் போனாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, "பாப்பா கத சொல்லிருக்குது மாமா, கேளுங்க, சிரிப்பு வரும்" என்று போனை அழுத்தினான். கதை என்பது அவள் படகு கவிழ்ந்து தலைகீழாக நின்றது பற்றி. நானும் சிரித்தேன். அந்த மெசேஜ் முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது.

"மாமா, அப்பா இன்னிக்கும் ஒம்பது மணிக்குக் கடல்காத்துன்னு அனுப்பிருக்காரு." அவள் சிரித்தாள். "ஒம்பது மணிக்கு இங்க கடல் கண்ணாடி மாதிரி கெடக்கும் மாமா. அவரு பாக்கறது லண்டன் நேரம்னு சொன்னேன்ல. அஞ்சர மணி நேரம் கூட்டணும். நான் கூட்டிக்கறேன். கூட்டிட்டா கரெக்டா இருக்கு. அவர்ட்ட சொல்லிறாதீங்க, பாவம், சங்கடப்படுவாரு."

மைத்துனன் போனைத் தட்டி நிறுத்தினான். அதற்குள் எல்லாம் வந்துவிட்டது.

"அது சும்மா வெளையாட்டுக்கு மாமா."

"நாலு மாசமாவா?"

"மொதல்லயே சொல்லுச்சு. நாந்தான் சொல்லலீங்க. சொல்லக் கூடாதுன்னுச்சு."

செயலியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மணிக்குப் பின்னாலும் ஆங்கில எழுத்து இசட் ஒன்று இருந்தது. உலகப் பொது நேரத்தைக் குறிக்க வானிலைக்காரர்கள் போடும் எழுத்து. அதை நான் முதல் நாளே பார்த்தேன். ஏதோ கடல் மண்டலத்தின் குறி என்று நினைத்து விட்டுவிட்டேன். வெளிநாட்டு ஏஜென்சி செய்திகளில் ஜி.எம்.டி. என்று வருவதை இந்திய நேரத்துக்கு மாற்றாமல் விட்ட புதியவர்களை நான் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். தெரியாத எழுத்து ஒன்றைக் கேட்காமல் பக்கத்தில் ஏற்றக் கூடாது என்பதுதான் நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது.

பிழை எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பிழை திருத்தக்கூடியது. என் பிழையை வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் நான்கு மாதம் ஒன்றாகச் சிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் எனக்காக ஒரு பரிதாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு மீன் குழம்பின் வாசனைகூடப் பிடிக்கவில்லை. மைத்துனன் மூன்று துண்டு சாப்பிட்டான். கிளம்பும்போது வாசலில் நின்று, "எனக்கும் அந்த மணி அடிக்கற மாதிரி போட்டுக் குடுங்க மாமா" என்றான். சமாதானத்துக்காகக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"அப்புறம் பாக்கலாம் மச்சான்" என்றேன். இதற்கு முன்பும் இரண்டு தடவை கேட்டிருந்தான். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் முதல் சரியான நேரத்தை அனுப்பினேன். எதுவும் நடக்காதது போல அனுப்பினேன். அவள் கட்டைவிரலோடு ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்து அனுப்பினாள். மைத்துனன் அவளிடம் சொல்லிவிட்டான் என்பது அதிலிருந்து தெரிந்தது.

அடுத்த பந்தயத்தில் என் ஏற்பாடு வேலை செய்தது. இரண்டே காலுக்கு மணி அடித்தது. அவள் ஆறாவது. அவள் இன்னும் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருப்பாள், உலகத்தில் எனக்குத்தான் முதலில் தெரியும். மைத்துனனுக்குத் தெரியாது. தடை நீங்கி மூன்றாம் நாள், அவன் ஆற்றில் இருந்தான், அதுவும் எனக்குத் தெரியும். உடனே அவளுக்கு எழுதினேன்: 'ஆறாவது இடம். முந்தைய பந்தயத்தைவிட மூன்று இடம் முன்னேற்றம். வாழ்த்து.'

நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'ஆமாப்பா. தேங்க்ஸ்.'

மாலையில் மனைவி வந்ததும் நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவள் கைப்பையை வைத்துவிட்டு, "தம்பி சொன்னான்" என்றாள். "கடேசி திருப்பத்துல ஒரு பையன் படகு குறுக்க வந்து இடிக்கப் பாத்துச்சாமே. அவ கத்துன கத்துல அவனே தண்ணிக்குள்ள விழுந்துட்டானாம்."

பட்டியலில் அது இல்லை. பட்டியலில் பாய் எண்ணும் இடமும் மட்டும் இருந்தது.

"அவனுக்கு எப்ப கூப்பிட்டா?"

"ஆத்துல இருந்து வந்தோடன மூணு மிஸ்டு கால் இருந்துச்சாம். திருப்பிக் கூப்புட்டுருக்கான்."

"நான் ரெண்டே காலுக்கே வாழ்த்து அனுப்பிட்டேன்."

அவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்தாள். "அதாங்க. அவ உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன மிச்சம் வெச்சீங்க?"

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வது போலச் சொன்னாள். அன்று முதல் எனக்குப் பொறாமையின் காரணம் தெளிவாகத் தெரிந்தது. என் மைத்துனன் அதிகம் அறிந்தவன் என்பதற்காக மகள் அவனை முதலில் அழைக்கவில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. தென்கிழக்கு எது என்று கேட்டால் மேட்டூர் பக்கம் கையைக் காட்டுவான். அவனிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் தேர்வுப் பந்தயம் வந்தது. மூன்று நாள், முதல் ஐந்து பேருக்கு மும்பையில் பயிற்சி முகாம். அவளுக்கு அது எவ்வளவு பெரியது என்பது என்னிடம் சொல்லாமலே தெரிந்தது, ஏனென்றால் என் காலைச் செய்திக்கு அவள் மூன்று நாளும் கட்டைவிரலுக்குப் பதில் 'சரிப்பா' என்று எழுதினாள். இரண்டாம் நாள் முடிவில் ஏழாவதாக இருந்தாள். மூன்றாம் நாள் ஞாயிறு. நான்காவது ஃபீடைப் பார்த்தேன். நீர்வரத்து சீராக இருந்தது, பரிசல் ஓடும், கூட்டம் இருக்கும். மனைவிக்கு அன்று தடுப்பூசி முகாம்.

மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு மணி அடித்தது. ஐந்தாவது. பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழும், ஒரு தடவை கீழிருந்து மேலும் படித்தேன். வாழ்த்தை எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் நிறுத்தி, அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். போனை மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு அவள் அழைத்தாள்.

"அப்பா." மூச்சு வாங்கியது. பின்னால் காற்றில் துணி படபடக்கும் சத்தம். "ரிசல்ட் பாத்துட்டீங்களா?"

"இல்லம்மா. ஃபீடு என்னமோ மத்தியானத்துலேர்ந்து வேல செய்யல. என்ன ஆச்சு?"

செய்தி விஷயத்தில் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது.

"நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது. சொல்லு."

அவள் சொன்னாள். கடைசிச் சுற்றில் காற்று திடீரென்று செத்துவிட்டது. எல்லாரும் வலது பக்கமே போனார்கள். இடது பக்கம் தண்ணீரின் நிறம் கொஞ்சம் கறுத்ததை அவள் பார்த்தாள். அங்கே காற்று வருகிறது என்று அர்த்தம். தனியாகத் திரும்பினாள். பாதி வழியில் தப்பு செய்துவிட்டோமோ என்று அழுகை வந்தது. பிறகு பாய் நிறைந்தது. "அது நெறையறப்போ ஒரு சத்தம் கேக்கும்ப்பா, போர்வைய ஒதறுற மாதிரி." நான் கேள்வி கேட்டேன். தண்ணீர் கறுத்தது எவ்வளவு தூரத்தில், முன்னால் எத்தனை படகு, கையில் கயிறு அறுத்ததா. இடத்தைக் கடைசியில்தான் சொன்னாள். "அஞ்சாவதுப்பா." எனக்கு அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது. அதில் நடிப்பு இல்லை.

பத்தொன்பது நிமிடம். முடியும் தறுவாயில் சொன்னாள்: "மாமாவுக்கு நாலு தடவ அடிச்சேன், எடுக்கவே இல்ல. ஆத்துல இருப்பாரு போல. நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்லிறாதீங்க."

"சொல்லல" என்றேன்.

நாலு தடவை. பிறகுதான் நான். அந்தப் பத்தொன்பது நிமிடமும் ஒகேனக்கல்லுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எனக்குப் போட்ட பிச்சை என்பதைப் போனை வைத்த பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு மைத்துனன் அழைத்து, அவள் சொன்ன எல்லாவற்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னான். நான் கேட்டிராத ஒரு விவரமும் அதில் இருந்தது. அழுகை வந்தபோது அவள் படகில் சத்தமாகப் பாட்டுப் பாடினாளாம்.

அடுத்த சனிக்கிழமை பென்னாகரம் போனேன். மைத்துனன் வீட்டில் காபி கொடுத்தார்கள். "அன்னைக்குக் கேட்டியே மச்சான், அந்த மணி. போனைக் குடு" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "நெஜமாங்களா மாமா?"

செயலியை ஏற்றினேன். முடிவுப் பக்கத்தைச் சேர்த்தேன், பாய் எண்ணைக் கொடுத்தேன், மணிச் சத்தத்தை முழு அளவில் வைத்தேன். மும்பைப் பந்தயங்களின் பக்கத்தையும் தேடிச் சேர்த்தேன். அதை என் போனில்கூட அப்போது சேர்த்திருக்கவில்லை. கவரில் சுற்றினாலும் சத்தம் கேட்குமா என்று சோதித்தோம், கேட்டது. போனைக் கடையில் விடாமல் இடுப்பில் கட்டிக்கொள்ள நீர்புகாத உறை ஒன்றையும் தர்மபுரியில் வாங்கிக் கொண்டுபோயிருந்தேன்.

"இனிமே பாப்பா சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுரும்" என்றான்.

"தெரிஞ்சுரும்" என்றேன்.

"உங்க மாதிரி."

"ஆமா."

பஸ் நிறுத்தம் வரை வந்து, ஏறும்வரை நின்று, கையசைத்தான். பஸ் நகர்ந்த பிறகு என் போனை எடுத்து, பாய் எண்ணுக்கான மணியை நிறுத்தினேன். காற்று முன்னறிவிப்பை மட்டும் விட்டுவைத்தேன். இனி தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று அந்தப் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

மும்பையில் அவளுடைய முதல் பந்தயம் ஒரு புதன்கிழமை. நாலரை மணியாகியும் எனக்கு அழைப்பு வரவில்லை. ஐந்து மணிக்கு மைத்துனன் அழைத்தான். ஆற்றின் நடுவில் மணி அடித்ததாம். பரிசலில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்களாம். உடனே துடுப்பை விட்டுவிட்டு அவளுக்கு வாழ்த்து பேசி அனுப்பினானாம்.

"நாலாவது மாமா. தேங்க்ஸ் மாமான்னு மட்டும் போட்டுருக்குது. டயர்டா இருக்கும்போல."

"இருக்கும்" என்றேன்.

ஐந்து ஐம்பதுக்கு மனைவி வந்தாள். போன் ஏற்கெனவே காதில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேச ஆரம்பித்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அட, அப்பறம்?" என்றாள். "எந்தப் பக்கம் காத்து? எனக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமெல்லாம் தெரியாதுடி, வூட்டு வாசல்ல நின்னா எந்தப் பக்கம்னு சொல்லு." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளிடம் எந்த ஃபீடும் கிடையாது. சுகாதார நிலையத்தில் போனைப் பைக்குள் போட்டுவைத்து, மாலையில்தான் எடுப்பாள்.

நான் எழுந்து பக்கத்தில் போய் நின்று, ஸ்பீக்கரில் போடும்படி சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, திரும்பி நின்று, "நீ சொல்லு பாப்பா" என்றாள்.